நட்டுக்கு வைத்த பொட்டு

வாகனத் தொழிலில் இன்ஜினுக்கு ஒரு மரியாதை உண்டு, டயருக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் டயரை வண்டியோடு பிடித்துக்கொண்டிருக்கிற ஸ்டட் ஆணியை, அது முறிகிற நாள் வரைக்கும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்புத்தளையிலிருந்து பண்டாரவளைக்கு இறங்குகிற பாதையில், தோட்டத்து ரோடு வந்து சேருகிற முனையில் என் கராஜ் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயதானவன் என்பதால் என்னைப் ‘பாஸண்ணே’ என்பவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்தில் நான் அதிக காலம் இருந்ததில்லை. அதனால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காதில் விழுந்ததை மட்டும் மாற்றாமல் எழுதுகிறேன். இந்த வளைவுப் பாதைகளில் வண்டி ஓட்டி, வண்டி திருத்தி, நடுரோட்டில் ஜெக்கைத் தேடி நின்ற எல்லோருக்கும் இதில் பாதி தெரிந்த கதையாகத்தான் இருக்கும்.

மூன்று போதும் என்றவர்

மொனராகலையிலிருந்து மரக்கறி வாங்க வந்த ஒருவர், பஞ்சர் ஒட்ட வேண்டும் என்று காரை நிறுத்தினார். சக்கரத்தைக் கழற்றப் போனால் மூன்று நட்டுத்தான் இருக்கிறது. நாலாவது இடத்தில் ஸ்டட் முறிந்து, குட்டையாக நிற்கிறது. சக்கரத்தைக் கழற்றினால் உள்ளேயிருந்து விரல் மொத்தத்தில் நாலு இரும்பு நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் ஸ்டட். அதன் மேல்தான் நட்டு ஏறும். ஒன்று முறிந்தால் அதன் பாரத்தை மற்ற மூன்றும் வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்டு சும்மா இருக்காது, ஒவ்வொன்றாக அதுவும் போகும்.

இதைத்தான் அவரிடம் சொன்னேன். ஒரு மணித்தியாலம் பொறுத்தால் மாற்றித் தருகிறேன், கீழே இறங்குகிற பாதை நல்ல பாதை இல்லை என்றேன். அவருக்கு அவசரம். கரட் வாடிப்போகும் என்றார். பஞ்சரை மட்டும் ஒட்டி வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: “நாலு பேர் தூக்குற பாடைய மூணு பேர் தூக்க மாட்டாங்களா பாஸ்?”

குடிக்காத தேத்தண்ணி

செல்வம் என்று ஒரு தம்பி. தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில், வரிசை வீடாக இருக்கிற லயத்தில் இருக்கிறவன். கொழும்பில் கடையில் நின்று சேர்த்ததை வைத்து, பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடுகிறான். அந்த டிவிஷனில் வேறு கார் கிடையாது. அவன் அக்கா பார்வதி கொழுந்து பறித்தவர். புருஷன் காலமாகிவிட்டார், தம்பியோடுதான் இருக்கிறார். இரண்டு கிட்னியும் வேலை செய்யாமல் போனதால், கிழமைக்கு இரண்டு தரம் பதுளை ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்து இரத்தம் கழுவ வேண்டும். ஒரு முறை தவறினாலும் உடம்பில் தண்ணீர் ஏறிவிடும். கால் வீங்கும், பிறகு மூச்சு முட்டும். அந்தக் கார் நின்றால் அவருக்கு எல்லாம் நின்ற மாதிரி.

ஒரு நாள் காலையில் கார் நொண்டிக்கொண்டு வந்து நின்றது. தோட்டத்து வளைவில் பின் சக்கரம் ஆடி, வண்டி பள்ளத்துப் பக்கம் போகாமல் மண் மேட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால் பிழைத்தார்கள். தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்து மலைக்குப் போன ஆட்கள் ஓடிவந்து தள்ளி நிமிர்த்தியிருக்கிறார்கள். இடது பின் சக்கரத்தில் இரண்டு ஸ்டட் முறிந்திருந்தது. அக்கா இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

டிரம்மைக் கழற்றி, முறிந்ததைச் சுத்தியலால் பின்னுக்குத் தட்டி எடுத்து, புது ஸ்டட்டை உள்ளேயிருந்து விட்டு, வாஷர் போட்டு, நட்டை முறுக்கி முறுக்கி இழுத்து உட்கார வைக்க வேண்டும். அவசரப்பட்டால் கோணலாக உட்காரும். அதனால் நேரம் எடுத்தது. குளிருக்கு என் வீட்டுக்காரி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். பார்வதி கோப்பையை வாங்கி இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். அப்படியே இருந்தார். சீனி காணாதோ என்று கேட்டேன். அவருக்குத் தண்ணீர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளந்து கொடுத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

“சீனி எல்லாம் சரிங்கண்ணே. குடிக்க மாட்டேன், கையில புடிச்சுக்கிறேன். சூடா இருக்கு.”

பதுளைக் கடை முதலாளி

கொஞ்ச நாளில் அதே சக்கரம் மறுபடியும் வந்தது. இன்னொரு ஸ்டட் முறிவு. மாற்றினேன். அடுத்த மாதம் மறுபடியும். கழற்றிய ஆணியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் இழுபட்டு, கழுத்து மெலிந்திருந்தது. மிட்டாயை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் மெலியுமே, அப்படி. நான் முறுக்கினால் அப்படி ஆகாது. ரோடு மோசம்தான், ஆனால் ரோடு இழுத்தால் இப்படி இழுக்காது.

சாமான்தான் சரியில்லையோ என்று பதுளைக்கே போய், பழகிய பார்ட்ஸ் கடையில் மெலிந்த ஆணியைக் காட்டினேன். முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, வேறு கம்பனி சாமான் ஒன்றை எடுத்துத் தந்துகொண்டே கேட்டார்: “ஒரே வீலுக்கு எத்தன தரம் வாங்குவீங்க பாஸ்? அந்தக் கார்ல என்ன, யானைய கட்டி இழுக்குறாங்களா?”

லயத்து வாசலில்

யானை யார் என்று எனக்கு மேல் டிவிஷனில்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். விடிந்ததும் செல்வத்தின் போன். “பாஸண்ணே, கெளம்புற நேரத்துல ஆணி முறிஞ்சிருச்சு. வண்டி லயத்து வாசல்லயே நிக்குது.” சாமான்களை ஓட்டோவில் போட்டுக்கொண்டு ஏறினேன். பார்வதி சேலை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையை முடித்து, வீல் பிரேஸால் என் கைப்பலத்துக்கு முறுக்கிவிட்டு, தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய்க் கை கழுவினேன். திரும்பி வந்து பார்த்தால், ராசு என்பவர், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மெஷின் பக்கம் வேலை செய்கிறவர், வீல் பிரேஸில் ஓர் ஆள் உயர இரும்புப் பைப்பைச் செருகி, அதன் மேல் ஏறி நின்று மிதிக்கிறார். நட்டு கிரீச்சென்று கத்துகிறது. அவருக்குப் பின்னால் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற இன்னொருவர் தன் முறைக்குக் காத்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் கொழுந்துப் பையோடு ஒரு பெண்.

“என்னாங்க பண்றீங்க?” என்று கத்தியே விட்டேன்.

“சும்மா ஆளுக்கு ஒரு சுத்துங்க” என்றார் ராசு.

அந்த வளைவில் சக்கரம் ஆடின நாளிலிருந்து இதுதான் அந்த லயத்து வழக்கமாம். ஆஸ்பத்திரி நாளில், வாசலில் இருக்கிற ஆட்கள் ஆளுக்கு ஒரு சுற்று முறுக்காமல் வண்டியை விட மாட்டார்கள். பின் சக்கரம் இரண்டுக்கும் இந்த உபசாரம். செல்வத்துக்கும் தெரியும். அவனும் நல்லது என்றுதான் நினைத்திருக்கிறான். நான் மெலிந்த ஆணியை எடுத்துக் காட்டினேன். இரும்பும் ஓரளவுக்குத்தான் தாங்கும், நீங்கள் மிதிக்க மிதிக்க இழுபட்டு முறிகிறது, அந்த அம்மாவை நீங்களேதான் பள்ளத்தில் தள்ளப் பார்க்கிறீர்கள் என்றேன். கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிவிட்டேன். ராசு பைப்பைக் கழற்றித் தரையில் வைத்தார். துண்டால் கையைத் துடைத்தார்.

“நாங்க கூடப் போக முடியாதுங்க பாஸ், வேலைக்குப் போவணும். எங்க கையாச்சும் அந்த நட்டு மேல கூடப் போகட்டுமேன்னுதான்.”

யார் வைப்பது

இந்தப் பேச்சைக் கேட்ட பிறகு, “இனிமேல் யாரும் தொடக்கூடாது” என்று வெறுமனே சொல்லிவிட்டு வர எனக்கு வாய் வரவில்லை. கையைக் கட்டிப்போட்டால் அந்தப் பயம் எங்கே போகும்? அன்றைக்கு நட்டுகளை அளவாக முறுக்கி வண்டியை அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஏறினேன். இடது பின் சக்கரத்துக்கு நாலும் புதுசு. வலது பின் சக்கரத்து ஸ்டட்டுகளைக் கழுவி, மரைப் பல்லைப் பார்த்தேன். நன்றாக இருந்தன. இரண்டையும் அளவாக முறுக்கினேன். பஸ் ஒன்றுக்கு அடித்து மீந்த சிவப்புப் பெயின்ட் கொண்டுபோயிருந்தேன். காட்டுவதற்காக முதல் நட்டில் பாதி, ரிம்மில் பாதியாக ஒரு கோடு இழுத்தேன். பெரிய வாகனங்களுக்குச் செய்வதுதான். நட்டு தளர்ந்தாலும் கோடு விலகும், யாராவது முறுக்கினாலும் கோடு விலகும். கோடு நேராக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். எல்லோரும் குனிந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்றேன்.

“பாஸ் பொட்டு வெச்சிட்டாருடி” என்றாள் ஒரு பெண். சிரித்தார்கள். பிறகு, பொட்டு என்று வந்துவிட்டதால், பெயின்ட்காரன் வைக்கலாமா, வீட்டுப் பெண் யாராவது வைக்க வேண்டாமா என்று பேச்சு வந்தது. புருஷன் உள்ள பெண்ணாகப் பார்த்து ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். பார்வதி சத்தமில்லாமல் இரண்டடி பின்னுக்குப் போய் கதவோரம் நின்றார். செல்வம் என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி நேராக அக்காவிடம் கொண்டுபோய் நீட்டினான்.

“நான் வெக்கலாமாடா?” என்றார் பார்வதி. தம்பியைக் கேட்கவில்லை, எல்லோரையும்தான் கேட்டார். ராசுவின் அம்மாவும் அங்கே இருந்தார். சடங்கு, தீட்டு என்றால் அந்த லயத்தில் அவர் சொல்வதுதான் கடைசி. எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். கிழவி வெற்றிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கினார்.

“அதுல போற உசுரு ஒன்னோடது. ஒன்னத் தவிர யாருடி வெக்கிறது?”

இரண்டாய்ப் போன பொட்டு

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அந்தச் சக்கரம் என்னிடம் வரவே இல்லை. ஒரு நாள் செல்வம் போன் போட்டான். ஒரு நட்டில் பொட்டு விலகியிருக்கிறதாம், அக்கா காரில் ஏற மாட்டேன் என்கிறதாம். யார் தொட்டது என்று லயமே விசாரணை நடத்திக்கொண்டிருந்தது. போனிலேயே சத்தம் கேட்டது. “நீதான்டா.” “நான் எங்கடி தொட்டேன், எனக்கு நேத்து காய்ச்சல்.” “பைப்பு யாரு ஊட்ல இருக்கு, அதச் சொல்லு மொதல்ல.”

பொட்டு எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று கேட்டேன். இறுக்குகிற பக்கம் என்றான். அப்படியானால் நட்டு கழன்றுவிடாது, மெதுவாகக் கூட்டி வா, நான் இங்கே பார்க்கிறேன் என்றேன். வண்டியோடு ராசுவும் வந்து இறங்கினார், தோளில் அந்தப் பைப். நான் நட்டைத் தளர்த்தி, ஸ்டட்டைப் பார்த்து, திரும்ப அளவாக முறுக்கினேன். கூட வந்த பார்வதி புதுப் பொட்டு வைத்துவிட்டுத்தான் திரும்ப ஏறினார். ராசுவோடு பேசவில்லை. அந்தப் பைப் இப்போது என் கராஜில் மழைச் சீலையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அதை என் கையில் கொடுக்கும்போது ராசு சொன்னது: “சக்கரம் கழண்டு தனியா ஓடுற மாதிரி கனாக் கண்டேன் பாஸ். எந்திரிச்சதும் கை தானா போயிருச்சு.”

வார்டிலிருந்து

மழைக் காலத்தில் பார்வதிக்குக் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் தண்ணீர் கட்டி, பதுளையில் வார்டில் வைத்துவிட்டார்கள். சில நாள் பேச்சே இல்லையாம். கொஞ்சம் தேறி, நாளைக்கு வீட்டுக்கு விடுகிறோம் என்று சொன்னதும் செல்வம் காரைக் கொண்டுவந்தான். “அக்காவக் கூட்டிட்டு வரணும். ஒரு தரம் பாத்துருங்கண்ணே.” எனக்குக் கண் முன்னைப் போல இல்லை. சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு நட்டாகத் தட்டி, காதால் பார்ப்பேன். வலது பின் சக்கரத்தில் மூன்று நட்டு கணீரென்று சொன்னது. ஒன்று மட்டும் மொத்தென்று சொன்னது. பொட்டு நேராகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஸ்டட் வெடித்திருக்க வேண்டும். பைப் காலத்தில் வாங்கிய அடி அப்போது தெரியவில்லை, இப்போதுதான் வெளியே வருகிறது. சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்றேன்.

செல்வம் சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். “வேணாங்கண்ணே. கழட்டினா நாலு பொட்டும் போயிரும். அக்கா வார்டுல கெடக்கு, இந்நேரம் பார்த்து அது வெச்ச பொட்ட அழிக்கச் சொல்றீங்களா?” நான் எத்தனை விதமாகச் சொல்லியும் நகரவில்லை. நட்டைத் திரும்ப அதே கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்த முடியாதா என்று கேட்டான். புது ஆணியில் நட்டு அது நிற்கிற இடத்தில்தான் நிற்கும். கோட்டுக்காக முறுக்கினால் ஒன்று தளரும், இல்லாவிட்டால் முறியும். கடைசியில், சரி, வைத்தவரையே கேள் என்றேன். வார்டுக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கிற மாதிரி பொனட் மேல் வைத்தான். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தரம் அழுதுவிட்டான். மூச்சு வாங்கிக்கொண்டே பார்வதியின் குரல் வந்தது.

“பொட்டு நான் வெச்சது, ஆணி பாஸண்ணே வெச்சது. என்னைய தூக்கிட்டு வரப்போறது எதுடா செல்வம்? கழட்டச் சொல்லு. நான் வந்து புதுசா வெச்சுக்கிறேன்.”

கழற்றினேன். ஸ்டட்டில் தலைக்குக் கீழே மயிரிழை போல வெடிப்பு. சுத்தியலால் ஒரு தட்டுத்தான் தட்டினேன், இரண்டு துண்டாக விழுந்தது. செல்வம் அதைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். “பத்து வளைவு தாங்கியிருக்குமாண்ணே?” என்று கேட்டான்.

ஒரு வாய்

மறுநாள் வெயில் சாய்கிற நேரம் கார் மெதுவாக வந்து நின்றது. பொட்டில்லாத நாலு நட்டோடு பதுளைக்குப் போய், பொட்டில்லாமலே பார்வதியைக் கொண்டுவந்திருந்தது. அவர் பாதியாகிவிட்டார். கையில் ஊசி குத்திய இடமெல்லாம் நீலம். செல்வமும் என் வீட்டுக்காரியும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். குந்த முடியாது என்பதால் டயர் ஒன்றைப் படுக்கப் போட்டு, அதன் மேல் சாக்கை விரித்து உட்கார வைத்தோம். நான் பெயின்ட் டின்னைத் திறந்து பிடித்தேன்.

முதல் பொட்டு நட்டைவிட்டு வழிந்து ரிம்மில் ஓடியது. இரண்டாவது கொஞ்சம் பரவாயில்லை. நாலையும் அவரேதான் வைத்தார். யாரையும் கையைப் பிடிக்க விடவில்லை. முடித்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “எல்லாம் கோணிப்போச்சு” என்றார். நட்டு நேராக இருக்கிறது என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு, அங்கேயே இருந்தபடி மேல் டிவிஷன் பக்கம் பார்த்தார். அங்கே வாசலில் எத்தனை பேர் காத்துக்கொண்டு நிற்பார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுக்காரி பழக்கத்தில் தேத்தண்ணியைக் கொண்டுவந்துவிட்டு, கொடுக்கவா வேண்டாமா என்று தயங்கி நின்றாள். பார்வதி கையை நீட்டினார்.

“குடுங்கக்கா. இன்னைக்கு எனக்கு ஒரு வாய் மிச்சம் இருக்கு.”

இத்தனை காலத்தில் நான் கழற்றி எறிந்த ஸ்டட்டுகளில் துரு தின்றதைவிட அக்கறை தின்றதுதான் அதிகம். துருவுக்காவது எண்ணெய் போடலாம்.